எம்.பி.ஏ.வுக்கு முதல் முகாமைத்துவ டிப்ளோமா தேவையா? ஹட்டனில் வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் நேரம்

கொட்டகலை மழை

வணக்கம். வெளிவாரியாகப் படித்து பி.ஏ. பொதுப் பட்டம் முடித்திருக்கிறேன். மூன்று வருடப் பட்டம், இரண்டாம் வகுப்பு கீழ்ப் பிரிவு. உயர்தரம் கலைப்பிரிவு, எல்லாம் தமிழ் மொழிமூலம். ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் லீசிங் பகுதியில் நாலு வருடமாக வேலை.

எம்.பி.ஏ. செய்ய வேண்டும். அதற்கு முதல் முகாமைத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றைச் செய்துவிட்டுப் போ என்று சிலர் சொல்கிறார்கள். அது காசுக்கும் காலத்துக்கும் கேடு, நேரே எம்.பி.ஏ.வுக்கே விண்ணப்பி என்று சிலர். இதற்கிடையில் "லெவல் 7 டிப்ளோமா, ஆறே மாதத்தில், பிறகு நேரே லண்டன் எம்.பி.ஏ." என்று போனைத் திறந்தாலே விளம்பரம். எஸ்.எல்.கியூ.எஃப். பட்டியலைப் பார்த்தால் அதிலும் 7 இருக்கிறது, 8ம் இருக்கிறது. ஒன்றும் விளங்கவில்லை.

கணக்கீடு சாதாரண தரத்தோடு விட்டது. சனி ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காது. தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை

முதலில் அந்த 7ஐ அவிழ்த்துவிடுவோம். பாதிப் பேர் காசு விடுகிற இடம் அதுதான்.

எஸ்.எல்.கியூ.எஃப். என்பது இலங்கையின் தகைமைப் படிநிலை. மொத்தம் 12 படி. உங்கள் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் படி, நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6. அதற்கு மேலே 7 என்பது பட்டப்பின் சான்றிதழ், குறைந்தது 20 கிரெடிட் (கிரெடிட் என்பது படிப்பின் அளவு). நீங்கள் கேட்கிற பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் படி, குறைந்தது 25 கிரெடிட். முதுமாணி இரண்டு விதம். பாடநெறி மட்டும் கொண்டது 9, அதற்கு 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10, அதற்கு 60 கிரெடிட், அதில் 15 ஆய்வுக்கு. எம்.பி.ஏ. என்ற அதே மூன்று எழுத்து ஒரு இடத்தில் 9 ஆகவும் இன்னொரு இடத்தில் 10 ஆகவும் இருக்கலாம். நாளைக்குக் கலாநிதிப் படிப்புப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் 10 உள்ள இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் லெவல் 7 இது இல்லை. அங்கே முதுமாணித் தரத்தில் நடக்கிற எல்லாமே லெவல் 7தான். 60 கிரெடிட் என்றால் சான்றிதழ், 120 என்றால் டிப்ளோமா, 180 என்றால் முழு முதுமாணி. ஆக "லெவல் 7" என்ற சொல் படிப்பின் தரத்தைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. விளம்பரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை கிரெடிட்" என்பது. 120 என்றால் பிறகு மிச்ச 60 கிரெடிட்டை மட்டும் டொப்-அப் ஆகப் படித்து எம்.பி.ஏ. எடுக்க வழி இருக்கலாம். 30, 40 என்றால் அது லெவல் 7 தரத்தில் ஒரு சின்னச் சான்றிதழ், அவ்வளவுதான். ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் குழப்பம், அங்கே முதுமாணிக்குப் பெயர் லெவல் 11.

கிரெடிட்டும் ஒரே அளவு இல்லை. அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலக் கற்றல், இங்கே 50. அங்கத்தைய டிப்ளோமாவின் 120 பத்துகள் 1,200, இங்கத்தைய டிப்ளோமாவின் 25 ஐம்பதுகள் 1,250 மணித்தியாலம். எண் வேறாக இருந்தாலும் வேலைப் பளு கிட்டத்தட்ட ஒன்று. ஆறு மாதத்தில் 1,200 மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 46. முழுநேர வேலையோடு அது எப்படி நடக்கும் என்று விளம்பரம் போட்டவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இந்தியப் பக்கம் பி.ஜி.டி.எம். (முகாமைத்துவப் பட்டப்பின் டிப்ளோமா) என்று ஒன்று வரும். அது மூன்றாவது கதை. அங்கே பல்கலைக்கழகம் அல்லாத தனி நிறுவனங்கள் பட்டம் வழங்க முடியாது என்பதால், இரண்டு வருட எம்.பி.ஏ.க்குச் சமமான படிப்பையே டிப்ளோமா என்ற பெயரில் கொடுக்கிறார்கள். ஐ.ஐ.எம். என்கிற இந்திய முகாமைத்துவ நிறுவகங்களே 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளோமாதான் கொடுத்தன. ஆகவே இந்திய யூடியூப் காணொளிகளில் "பி.ஜி.டி.எம்.மா, எம்.பி.ஏ.வா" என்று நடக்கிற சண்டைக்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே அது மாற்று வழி. இங்கே அது கீழ்ப்படி.

கலஹா சந்தி

கணக்கப்பிள்ளை சொன்னது சரி. நான் அடுத்ததுக்கு வருகிறேன்: தேவையா, இல்லையா.

டிப்ளோமாவை முதலில் தேர்ந்துவிட்டு எம்.பி.ஏ.வைப் பிறகு தேடுவதுதான் வழமையான பிழை. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் எந்தப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. என்று முடிவெடுத்து, அதன் அனுமதித் தகைமையை எடுத்து வாசியுங்கள். பொதுப் பட்டமும் உங்கள் வேலை அனுபவமும் அங்கே போதும் என்று இருந்தால் டிப்ளோமா கட்டாயம் இல்லை. சிறப்புப் பட்டமோ குறிப்பிட்ட வகுப்புச் சித்தியோ கேட்கிற இடமாக இருந்தால், அந்தக் குறையை டிப்ளோமா நிரப்புமா என்று பார்க்க வேண்டும். சில இடத்தில் நிரப்பும், சில இடத்தில் நிரப்பாது.

தொலைபேசியில் கேட்காதீர்கள். மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவும்: என்னுடைய டிப்ளோமாவுக்கு எத்தனை கிரெடிட் விலக்குக் கிடைக்கும்? அதற்கு ஒவ்வொரு பாடத்திலும் எந்தத் தரம் வேண்டும்? முடித்து எத்தனை வருடத்துக்குள் வந்தால் அந்த விலக்குச் செல்லும்? விலக்குக் கிடைத்த பாடங்களுக்குக் கட்டணமும் குறையுமா, இல்லை முழுக்கட்டணம்தானா? எம்.பி.ஏ. கிடைத்ததும் டிப்ளோமாச் சான்றிதழைத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமா? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தெரியும். ஆனால் ஒரே கிரெடிட்டுக்கு இரண்டு சான்றிதழ் கொடுக்காத இடங்கள் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சில எம்.பி.ஏ.களில் பாடங்களை முடித்து ஆய்வை முடிக்காமல் நின்றால் டிப்ளோமாவோடு வெளியேறலாம். அப்படி விதி உள்ள இடத்தில் நேரே எம்.பி.ஏ.வுக்குப் பதிவதுதான் புத்தி. முடித்தால் முதுமாணி, முடியாவிட்டால் டிப்ளோமா. ஒரே காசு. கையேட்டில் "வெளியேறும் தகைமை" என்ற பகுதியைத் தேடுங்கள்.

அப்படியானால் தனி டிப்ளோமா யாருக்கு? உங்களைப் போல கணக்கீடும் புள்ளிவிபரவியலும் தொடாத கலைப் பட்டதாரிக்கு. எம்.பி.ஏ. வகுப்பில் பக்கத்துக் கதிரையில் வங்கி முகாமையாளரும் பொறியியலாளரும் இருப்பார்கள், விரிவுரையின் வேகம் அவர்களுக்கு ஏற்றதாகத்தான் இருக்கும். டிப்ளோமாவில் அதே பாடங்கள் அடியில் இருந்து வரும். இரண்டாம் வகுப்புக் கீழ்ப் பிரிவுக்கும் அது ஒரு மறுமொழி. பட்டத்தில் எடுத்த புள்ளியை மாற்ற முடியாது, ஆனால் அதற்குப் பிறகு எடுத்த நல்ல ஜி.பி.ஏ. ஒன்றை நேர்முகத் தேர்வில் மேசையில் வைக்கலாம்.

இடத்தைப் பற்றி: திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டி பொல்கொல்லையில் பிராந்திய நிலையமும் ஹட்டனிலேயே கற்கை நிலையமும் இருக்கின்றன. ஆனால் நிலையம் இருக்கிறது என்பதால் எல்லாக் கற்கைநெறியும் அங்கே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டப்பின் படிப்புகளுக்குப் பகல் வகுப்பு எங்கே, பரீட்சை எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள். பேராதனையில் முகாமைத்துவ பீடம் இருக்கிறது. அங்கேயே விவசாயப் பட்டப்பின் நிறுவகமும் எம்.பி.ஏ. நடத்துகிறது. பெயரைப் பார்த்து விவசாயம் படித்தவர்களுக்கு மட்டும் என்று தள்ளிவிடாமல் அனுமதி விபரத்தை வாசியுங்கள்.

ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குச் சாதாரண நாளில் பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம் என்று வையுங்கள். காலை வகுப்புக்கு விடிய முதலே கிளம்ப வேண்டும். சனி போய் இரவு திரும்பி, ஞாயிறு மறுபடி போவது மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. சனி இரவு தங்க கண்டிப் பக்கம் ஒரு இடம் பார்த்து, அந்த வாடகையையும் படிப்புச் செலவில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடுகிற நாட்களும் வரும். வரவு வீதம் 80 கேட்கிற படிப்பு என்றால், தவறவிடக்கூடிய நாட்களை முன்கூட்டியே வேறு காரணத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள்.

நேரத்தையும் கணக்குப் பார்க்கலாம். 25 கிரெடிட்டில் விரிவுரை மட்டும் கிரெடிட்டுக்கு 15 மணித்தியாலப்படி 375. சனி ஞாயிறு ஆறு ஆறு மணித்தியாலம் என்றால் 31, 32 வார இறுதிகள். மிச்சம் 875 மணித்தியாலம் சொந்தப் படிப்பு. ஒரு வருடத்துக்குப் பிரித்தால் வாரம் 17. இதைக் கிழமை நாட்களில் எங்கே ஒளித்து வைக்கப்போகிறீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி.

கொழுந்து மடுவம்

கணக்கீட்டுப் பயத்துக்கு வருவோம். டிப்ளோமாவில் ஐந்தொகை தயாரிக்கக் கேட்பதைவிட, அதை வாசித்து முடிவெடுக்கத்தான் அதிகம் கேட்பார்கள். வரவு செலவுப் பதிவை ஆறு மாதம் படித்துக்கொண்டு இருக்க வேண்டாம். மூன்று விஷயம் கைக்கு வந்தால் போதும்: செலவின் நடத்தை, காசின் காலப் பெறுமதி, காசோட்டம்.

லீசிங்கில் இருக்கிறீர்கள், காசின் காலப் பெறுமதி உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. ஒரு இலட்சம் ரூபா, 24 மாதம், பிளாட் ரேட் 12 வீதம் என்று எடுங்கள். வட்டி 24,000. தவணை 5,166 ரூபா 67 சதம். வாடிக்கையாளர் 12 வீதம் கட்டுகிறேன் என்று நினைப்பார். எக்செல்லில் ரேட் என்ற சூத்திரத்தைத் திறந்து 24, கழித்தல் 5166.67, 100000 என்று கொடுங்கள். மாதம் கிட்டத்தட்ட 1.8 வீதம் வரும், வருடத்துக்கு 21.6. ஏன் என்றால் முதல் மாதமே கடன் தொகையில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது, வட்டியோ கடைசி மாதம்வரை முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. இந்த ஒன்று விளங்கினால் நிதி முகாமைத்துவத்தில் பாதி விளங்கியமாதிரி. தவணையைக் கழித்தல் குறியோடு போடாவிட்டால் எக்செல் பிழை காட்டும், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது செலவின் நடத்தை. பாடப்புத்தகத்தில் கதிரை செய்கிற தொழிற்சாலை வரும். நமக்குத் தேயிலை பெக்டரியே போதும். உதாரணத்துக்கு எண்களை நானே போடுகிறேன். மாத நிலையான செலவு 60 இலட்சம். ஒரு கிலோ தேயிலைக்கு மாறும் செலவு 700, விற்பனை விலை 1,100. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது பங்களிப்பு, 400. 60 இலட்சத்தை 400ஆல் பிரித்தால் 15,000 கிலோ, அதுதான் நட்டமும் இல்லை இலாபமும் இல்லை என்கிற சமப்புள்ளி. பச்சைக் கொழுந்தில் இருந்து கிடைக்கிற தேயிலை 21.5 வீதம் என்றால் பெக்டரிக்கு மாதம் 69,770 கிலோ கொழுந்து வந்தாக வேண்டும்.

இப்போது ஏலத்தில் விலை 100 ரூபா விழுந்தது என்று வையுங்கள். விலை குறைந்தது 9 வீதம்தான். ஆனால் பங்களிப்பு 300 ஆகிவிட்டது, சமப்புள்ளி 20,000 கிலோவுக்கு ஏறிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு அதிகம். பரீட்சையில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதால்தான் புள்ளி போகிறது. கேள்வி "விமர்சிக்க" என்று முடிந்தால் விடையின் பாதி இந்த வரிதான்.

இன்னும் ஒரு பொறி. கொழுந்து பறிக்கிற சம்பளம் மாறும் செலவா, நிலையான செலவா? பெரும்பாலானோர் யோசிக்காமல் மாறும் என்று போடுவார்கள். நாட்சம்பளம் என்பது அன்று வேலை செய்ததாகப் பேர் விழுந்தால் கொடுக்க வேண்டியது. கொழுந்து குறைந்த மாதத்திலும் அது அதே அளவில் குறையாது. நாட்சம்பளப் பகுதி நிலையான பக்கம் சாயும், கூடுதல் கிலோவுக்குக் கொடுப்பது மட்டும் மாறும் செலவு. அதோடு சம்பளம் என்றால் சம்பளம் மட்டும் இல்லை. வேலைகொள்வோர் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்ட வேண்டும். 1,000 ரூபாச் சம்பளம் நிர்வாகத்துக்கு 1,150. தொழிலாளியிடம் பிடிக்கிற 8 வீதத்தை இதில் சேர்க்கக்கூடாது, அது ஏற்கெனவே அந்த 1,000க்குள் இருக்கிறது. அதையும் கூட்டி எழுதினால் அந்த இடத்திலேயே விடை பிழை.

காசோட்டத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 20 இலட்சத்துக்கு ஒரு இயந்திரம், வருடம் 7 இலட்சம் மிச்சப்படுத்தும், நாலு வருடம் உழைக்கும். போட்ட காசு இரண்டு வருடம் பத்து மாதத்தில் திரும்பும், கேட்க நன்றாக இருக்கும். 15 வீதத்தில் கழிவிட்டுப் பாருங்கள், அதாவது பிறகு வரப்போகிற காசை இன்றைய பெறுமதிக்கு மாற்றிப் பாருங்கள். நாலு வருடக் காரணி 2.855, அதனால் இன்றைய பெறுமதி 19.985 இலட்சம். சுமார் 1,500 ரூபா நட்டம். 12 வீதத்தில் காரணி 3.037, அப்போது 1 இலட்சத்து 26 ஆயிரம் இலாபம். அதே இயந்திரம்தான், மாறியது கடன் வட்டி மட்டும். இதில் நடக்கிற வழமையான பிழை இரண்டு. தேய்மானத்தைக் காசு வெளியே போனதாகக் கழிப்பது ஒன்று, கழிவு வீதத்தில் ஏற்கெனவே இருக்கிற வட்டியைக் காசோட்டத்திலும் இன்னொரு முறை கழிப்பது மற்றது.

இவ்வளவையும் வகுப்புத் தொடங்க முதல் இரண்டு மாதத்தில் எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஊவாக் காற்று

எல்லோரும் கணக்கீட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தமிழில் படித்து வந்தவர்களை உண்மையில் மடக்குவது ஒப்படை எழுதுவது. கணக்கை எந்த மொழியில் போட்டாலும் 15,000 கிலோதான். 3,000 சொல்லில் ஆங்கிலத்தில் ஒரு வாதத்தை நகர்த்துவது வேறு வித்தை.

தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து ஒட்டாதீர்கள். வசனம் இலக்கணமாக இருக்கும், துறைச் சொல் பிழையாக வரும். "பங்களிப்பு" என்று நீங்கள் எழுதியது கணக்கீட்டுப் பங்களிப்பா, ஊழியர் கொடுக்கிற பங்களிப்பா என்று செயலிக்குத் தெரியாது. வாசிக்கிறவருக்கு இரண்டாம் பந்தியிலேயே பிடிபடும். அதற்குப் பதில் ஒரு கொப்பியில் பாடத்துக்கு நாற்பது சொல் சேருங்கள், நாம் பாடசாலையில் படித்த சொல்லுக்கு நேரே ஆங்கிலச் சொல். மூலோபாயம், நெகிழ்ச்சி, இயல்பளவு, பகிர்ந்தளித்தல் இப்படி. வினாத்தாளில் வருகிற ஏவல் சொற்களையும் தனியே எழுதுங்கள். விபரி, ஒப்பிடு, மதிப்பிடு மூன்றுக்கும் வெவ்வேறு விடை. "மதிப்பிடு" என்ற கேள்விக்கு ஐந்து கோட்பாட்டை வரிசையாக விபரித்துவிட்டு வருவதுதான் அதிகம் காணப்படுகிற தோல்வி.

மற்றவர் எழுத்தோடு ஒத்திருப்பதைத் தேடுகிற டேர்னிட்டின் மென்பொருள் காட்டுகிற வீதத்தைப் பற்றி வீண் பயம் வேண்டாம், வீண் தைரியமும் வேண்டாம். கேள்வியையும் நூற்பட்டியலையும் அது எண்ணினால் 20 வீதம் தாண்டலாம், அது களவு இல்லை. ஒரே மூலத்தில் இருந்து 8 வீதம் என்றால் அது வில்லங்கம். மேற்கோள் குறிப்பைக் கடைசி இரவில் போடுகிறேன் என்று வைத்தால் எது எங்கே இருந்து எடுத்தது என்று தெரியாமல் போகும். எழுதுகிறபோதே போடுங்கள்.

ஆய்வு அல்லது செயற்றிட்டம் என்று வந்தால் தலைப்பை உங்கள் கைக்கு எட்டுகிற தரவில் இருந்து எடுங்கள். முச்சக்கரவண்டி லீசிங்கில் தவணை தவறுவதற்கான காரணங்கள் என்றால் தரவு கிளையிலேயே இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் மூன்றையும் நீக்கிய தரவைத்தான் வெளியே எடுக்கலாம், அதுவும் நிறுவனத்தின் எழுத்து மூல அனுமதியோடு. அனுமதிக் கடிதம் தலைமையகத்தில் இருந்து வரவேண்டி இருக்கும். தலைப்பு ஒப்புதலாகிற அன்றே விண்ணப்பியுங்கள்.

தோட்டத் தொழிலாளர்களை வைத்து ஆய்வு செய்கிற ஆசை மலையகத்தில் எல்லோருக்கும் வரும். வரட்டும், ஆனால் கணக்குப் பார்த்துக்கொண்டு வரட்டும். மாதிரி அளவுக்கு எல்லோரும் காட்டுகிற 1970ஆம் ஆண்டின் கிரெஜ்சி மோர்கன் அட்டவணைப்படி 500 பேர் உள்ள இடத்தில் 217 பேர் வேண்டும், 1,000 பேருக்கு 278. வினாக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு வர முடியாத இடத்தில் ஆளுக்கு 20 நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். 217 பேருக்கு 72 மணித்தியாலம். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் போனால் ஒருவரும் நிற்கமாட்டார்கள், துரை கூப்பிட்டு உட்காரவைத்தால் எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் கெட்ட தரவு. பின்னேரம் லயத்துக்குப் போய், அறிமுகமான ஒருவரோடு உட்கார்ந்து கேட்பதுதான் வழி.

வினாக்கொத்தை மொழிபெயர்ப்பதும் இலேசு இல்லை. ஆங்கில வினாக்கொத்தில் "எனது மேற்பார்வையாளர் என்னை மதிக்கிறார்" என்று ஒரு வரி வரும். தோட்டத்தில் அதைக் கேட்டால் "யாரைக் கேட்கிறீங்க, கங்காணியவா, கணக்கப்பிள்ளையவா, சின்னதுரையவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். மூன்று பேருக்கும் மூன்று விடை வரும். ஒருவரை வைத்து மொழிபெயர்த்து, இன்னொருவரை வைத்துத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றி, பதினைந்து இருபது பேரிடம் முன்னோட்டம் பார்த்த பிறகே களத்தில் இறங்குங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுகிற க்ரொன்பேக் அல்பா 0.7க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் குற்றம் ஆட்களில் இல்லை, இப்படியான வரிகளில்தான்.

பவுண்ஸில் கட்டணம் கேட்கிற படிப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. தவணை முறையில் வெளிநாட்டுக் காசில் கட்ட ஒப்புக்கொண்ட எவருக்கும் கட்டணம் அரைவாசிக்கு மேல் ஏறியது அந்த இரண்டே மாதத்தில். ரூபாவில் நிலையாக எழுதித் தரமுடியுமா என்று கேளுங்கள். தராவிட்டால் மொத்தத்தில் எவ்வளவு வெளிநாட்டுக் காசில் மிச்சம் நிற்கிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கப்பிள்ளை

ஊவாக் காற்று என்னையும் வினாக்கொத்தில் சேர்த்துவிட்டார், பரவாயில்லை.

அங்கீகாரத்தைப் பற்றி விட்டுப்போனது ஒன்று. தனியார் நிறுவனம் ஒன்று இலங்கையில் பட்டம் வழங்குவதென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி. "நாங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று சுவரில் தொங்குவது அவர்களின் பி.எஸ்ஸி.க்காக இருக்கலாம், நீங்கள் சேர்கிற எம்.பி.ஏ.வுக்காக இல்லாமலும் இருக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்குகிற பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்பதை ஆணைக்குழு பார்க்கும். நீங்களும் அதையே பாருங்கள். லெவல் 7 டிப்ளோமாவைப் பல்கலைக்கழகம் இல்லாமல் தகைமை வழங்கும் அமைப்பு ஒன்று கொடுக்கிறது என்றால், இங்கிலாந்தில் தகைமைகளை ஒழுங்குபடுத்துகிற ஒஃப்குவாலின் இணையப் பதிவேட்டில் அதன் தகைமை இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். இலக்கம் தரமாட்டோம் என்றால் பேச்சு முடிந்தது.

ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால்: பட்டப்பின் கல்வி டிப்ளோமா வேறு, இது வேறு. ஆசிரியர் சேவையில் கேட்கிற கல்வி டிப்ளோமாவின் இடத்தை முகாமைத்துவ டிப்ளோமா நிரப்பாது.

கொட்டகலை மழை

எல்லோருக்கும் மிக்க நன்றி. கொழுந்து மடுவம் சொன்னமாதிரி ரேட் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன், 1.8 வந்தது. இவ்வளவு நாள் வாடிக்கையாளருக்கு நானே 12 வீதம் என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

கலஹா சந்தி அண்ணா, வெளியேறும் தகைமை உள்ள எம்.பி.ஏ. ஒன்றுக்கும் டிப்ளோமா ஒன்றுக்கும் இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாமா? ஆவணங்களில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதம், உயர்தரச் சான்றிதழில் ஒரு விதம், பட்டத்தில் இன்னொரு விதம்.

கலஹா சந்தி

இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம் தங்கச்சி, விண்ணப்பக் கட்டணம்தான் இரண்டு. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவு செய்ய முடியாத விதி சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அனுமதிக் கடிதம் வரும்வரை இரண்டையும் வைத்திருங்கள், காசு கட்டுவது ஒன்றுக்கு. எம்.பி.ஏ.வுக்கு உளச்சார்புப் பரீட்சை வைத்தால் எண், மொழி, தருக்கம் மூன்றும் வரும். நேரம்தான் அங்கே எதிரி, ஆகவே கடிகாரத்தை வைத்துப் பயிற்சி எடுங்கள்.

பெயர்ப் பிரச்சினை மலையகத்தில் பாதி வீட்டில் இருக்கிறது. சிங்களத்தில் எழுதிய பதிவில் இருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்து மாறும், தகப்பன் பெயர் முன்னே போகும், பின்னே வரும். எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து விண்ணப்பத்தோடு இணைத்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். மூன்று வடிவத்தையும் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் அதில் எழுத வேண்டும். முதலெழுத்தைச் சுருக்கினால் அந்தக் கடதாசியே நாலாவது பெயராகிவிடும். பெயரே வேறு, அல்லது பிறந்த திகதி வேறு என்றால் சத்தியக்கடதாசி போதாது. பிரதேச செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் போய்ப் பதிவைத் திருத்த வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள்.

அதே வாரத்தில் பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான பெறுபேற்று விபரம்) கேட்டு எழுதுங்கள். இரண்டு பிரதி கேளுங்கள், முத்திரையிட்ட உறையில். உறையை நீங்கள் பிரித்தால் அது செல்லாது. ஒன்றைத் தொடாமல் அலுமாரியில் வையுங்கள்.